மழை பெய்தும் நனையாத நிலம்: பாலைநிலங்களில் மண் இறுக்கமும் மேற்பரப்பு மூடலும்

கேள்வி இது: “பாலைவனம் ஏற்கெனவே வறண்டு கிடக்கும் மணல்வெளிதானே? அங்கே மண் இறுகுவதையும் அதன் மேற்பரப்பு மூடிக்கொள்வதையும் நிலச்சீரழிவு என்று ஏன் தனியாகப் பேசுகிறார்கள்? மழையே அரிதான இடத்தில் அதனால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஓர் உழவு உழுதுவிட்டால் சரியாகிவிடாதா?”

மழை அரிதாக இருப்பதால்தான் இந்தச் சீரழிவு அங்கே இவ்வளவு கடுமையாக உறைக்கிறது. ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் பெறும் நிலம் ஒரு மழையை இழந்தால் அடுத்த மழையில் ஈடுகட்டிக்கொள்ளும். ஆண்டு முழுவதற்கும் ஐந்தாறு நல்ல மழைகளே கிடைக்கும் நிலத்தில், அவற்றில் இரண்டு மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிட்டால், வானிலைப் பதிவேடு சாதாரண ஆண்டு என்று காட்டும்போதே அங்குள்ள செடிகளுக்கு அது பஞ்ச ஆண்டாகிவிடும். வறட்சியை நாம் வானத்திலிருந்து வருவதாகவே நினைத்துப் பழகிவிட்டோம். அதில் ஒரு பங்கு மண்ணின் மேல் சில மில்லிமீட்டர்களிலேயே உருவாகிறது என்பதைத்தான் இந்தப் பதிலில் விளக்க முயல்கிறேன்.

முதலில் ‘மணல்வெளி’ என்ற எண்ணத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். உலகப் பாலைநிலங்களின் பரப்பில் மணற்குன்றுகளும் மணற்படுகைகளும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குதான். மற்றவை கூழாங்கல் சமவெளிகள், பாறைப் பீடபூமிகள், வண்டல் தாழ்நிலங்கள், காற்று கொண்டுவந்து படியவைத்த நுண்துகள் மண்கள். ‘பாலைவனமாதல்’ என்ற சொல்லும் முழுப் பாலையை உத்தேசித்ததன்று. 1994-இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, வறண்ட, அரை வறண்ட, ஓரளவு ஈரமுள்ள உலர்நிலங்களில் நிகழும் சீரழிவையே அச்சொல்லால் குறிக்கிறது. மிகையாக வறண்ட பகுதிகள் அந்த வரையறைக்குள் வருவதில்லை. எனவே நாம் பேசும் களம் பெரும்பாலும் பாலையின் ஓரங்கள்: மேய்ச்சலும் மானாவாரி வேளாண்மையும் வாகனங்களும் குடியிருப்புகளும் உள்ள நிலங்கள்.

மண் இறுக்கமும் மேற்பரப்பு மூடலும் அடிக்கடி ஒன்றாகவே நிகழ்ந்தாலும் அவை வெவ்வேறு செயல்கள். இறுக்கம் என்பது மேலிருந்து வரும் பளுவால் மண்துகள்கள் நெருங்கி, இடைவெளிகள் நசுங்குவது. அது பத்து, இருபது, சில சமயம் ஐம்பது சென்டிமீட்டர் ஆழம் வரை போகும். மூடல் என்பது மழைத்துளியின் அடியாலும் மண்கட்டிகள் நீரில் கரைவதாலும் மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடைப்பு உண்டாவது. ஈரமாக இருக்கும்போது அது சேறு பூசியது போன்ற படலம், காய்ந்தபின் கடினமான பொருக்கு. நகரங்களில் தாரும் கான்கிரீட்டும் மண்ணை மூடுவதையும் ‘மண் மூடல்’ என்பார்கள். அது வேறு விஷயம் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இறுக்கத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் அடர்த்தி கொண்ட மணற்பாங்கான மண்ணில் ஏறக்குறைய 43 விழுக்காடு வெற்றிடம். அது நசுங்கி 1.8 கிராமாக இறுகும்போது வெற்றிடம் 32 விழுக்காடாகிறது. பதினொரு புள்ளி இழப்புதானே என்று தோன்றும். ஆனால் முதலில் நசுங்குவது பெரிய துளைகள்தான். ஒரு நுண்குழாயில் ஓடும் நீரின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்ப மாறும். ஆரம் பாதியானால் நீரோட்டம் பதினாறில் ஒரு பங்காகும். ஆகவே மொத்த வெற்றிடத்தில் கால்பங்கு இழந்த மண், நீரை உள்வாங்கும் வேகத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். வேர்களின் நிலையும் இதைப் போன்றதே. மண்ணின் எதிர்ப்பு சுமார் 2 மெகாபாஸ்கலை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கைத் தாண்டினால் பெரும்பாலான செடிகளின் வேர் கீழிறங்கத் திணறும். தோண்டிப் பார்த்தால், நேராக இறங்கிய வேர் ஓரிடத்தில் முழங்கை மடங்கியதுபோல் திரும்பிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும்.

எந்த மண் அதிகம் இறுகும் என்பதில் பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. ஒரே அளவான துகள்களாலான குன்று மணல் அதிகம் இறுகுவதில்லை. பரல், மணல், வண்டல், சிறிது களி எல்லாம் கலந்த மண்தான் மிக மோசமாக இறுகுகிறது, ஏனெனில் பெரிய துகள்களின் இடைவெளியில் சிறியவையும் அவற்றின் இடைவெளியில் மேலும் சிறியவையும் போய் அடைத்துக்கொள்ளும். பாலையின் சரிவுகளிலும் ஓடைப்படுகை ஓரங்களிலும் பரந்து கிடப்பது இத்தகைய கலப்பு மண்தான். ஈரமும் முக்கியம். நன்றாகக் காய்ந்த மண் பளுவைத் தாங்கிக்கொள்ளும். மழை பெய்து ஓரிரு நாளான ஈர மண் அதே பளுவுக்கு நசுங்கிவிடும். ஆண்டில் முந்நூறு நாள் பாதுகாப்பாக இருக்கும் நிலம், எஞ்சிய சில நாட்களில் ஒரு வண்டி ஓடுவதால் பல்லாண்டுத் தழும்பைப் பெற்றுவிடும். அந்தச் சில நாட்களில்தான் புல் முளைக்கிறது என்பதால் கால்நடைகளும் அப்போதுதான் அங்கே வந்து சேர்கின்றன. நடக்கும் மாட்டின் குளம்பு, பரப்பு அலகுக்குக் கணக்கிட்டால், டிராக்டரின் அகன்ற டயரைவிட அதிக அழுத்தம் தரக்கூடியது. டிராக்டரின் தாக்கம் ஆழமாகப் போகும், குளம்பின் தாக்கம் மேல் சில சென்டிமீட்டர்களில் குவியும்.

இனி மூடல். பெருமழையின் பெரிய துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. செடியோ சருகோ மூடியிருக்கும் தரையில் அந்த வேகம் இலையிலேயே தீர்ந்துவிடும். வெறுந்தரையில் அது மண்கட்டியைச் சிதறடிக்கிறது. சிதறிய நுண்துகள்கள் நீரோடு சேர்ந்து துளைவாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றன. 1958-இல் ஆஸ்திரேலிய மண்ணியலாளர் மெக்கின்டைர் இந்தப் பொருக்கை நுணுகிப் பார்த்து, அதில் இரண்டு அடுக்குகள் இருப்பதைக் காட்டினார்: மேலே சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு தோல். அதன் கீழே நுண்துகள்கள் அடித்துச் செல்லப்பட்டுச் செருகிக்கொண்ட, ஓரிரு மில்லிமீட்டர் அளவிலான பகுதி. அவர் அளந்த மண்ணில், மேல் தோலின் நீர் கடத்தும் திறன் அடியில் இருந்த மண்ணினுடையதில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. முடியளவே தடிப்புள்ள ஒரு படலம் ஒரு மீட்டர் ஆழ மண்ணை மழையிடமிருந்து பிரித்துவைக்க முடியும் என்பதை நான் முதலில் படித்தபோது நம்பச் சற்று நேரம் பிடித்தது.

இதில் வேதியியலுக்கும் பங்கு உண்டு. வறண்ட நிலங்களின் மண்ணில் சோடியம் சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கம். நீரில் உப்பு இருக்கும்வரை களித்துகள்கள் திரண்டே இருக்கும். மழைநீர் உப்பில்லாத தூயநீர். அது பட்டவுடன் சோடியம் ஏறிய களி பிரிந்து, பால்போல் கலங்கித் துளைகளை அடைத்துவிடும். 1980களின் தொடக்கத்தில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் செயற்கை மழையின் கீழ் மண்தட்டுகளை வைத்துச் செய்த சோதனைகளில், பாசனநீருக்குத் தொல்லை தராத அளவு குறைந்த சோடியம்கூட மழைத்துளிக்கு முன்னால் மண்ணை மூடச்செய்துவிடுவது வெளிப்பட்டது. கிணற்றுநீரை நன்றாகக் குடிக்கும் வயல், மழைநீரை மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இவற்றின் விளைவை ஓர் எளிய கணக்காகச் சொல்லலாம். ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருக்குப் பிடித்த நிலம் அந்த நேரத்தில் 10 மில்லிமீட்டரை மட்டும் உறிஞ்சினால், ஒரு ஹெக்டேரிலிருந்து 2 லட்சம் லிட்டர் நீர் வழிந்தோடும். உள்ளே போன 10 மில்லிமீட்டரும் நிலைக்காது. அது மேல் சில சென்டிமீட்டர்களிலேயே தங்கி, அடுத்த சில நாட்களின் வெயிலில் ஆவியாகிவிடும். உலர்நிலத்தில் ஆழமாக இறங்கிய நீர்தான் சேமிப்பு. விதையும் சிக்கிக்கொள்கிறது. கம்பு போன்ற சிறுவிதைப் பயிர்கள் விதைத்தபின் ஒரு மழை பெய்து, அதையடுத்து வெயில் காய்ந்தால், முளை பொருக்கை முட்டித் தள்ளமுடியாமல் அடியிலேயே சுருண்டு மடிந்துவிடும். மழைக்கு முன்பு விதைத்ததும் நல்ல விதையைப் போட்டதும் சரியாக இருந்தும் வயல் வெறுமையாகக் கிடப்பதைப் பார்ப்பது கொடிய அனுபவம். அப்போது பழி விதையின் மீதோ மழையின் மீதோ போய்விடுகிறது.

இந்தச் சீரழிவு எவ்வளவு பெரிய அளவில் இயங்கக்கூடும் என்பதற்குச் சஹாராவின் தென்விளிம்பான சஹேல் பகுதியைவிடத் தெளிவான சான்று இல்லை. 1970களிலும் 1980களிலும் அங்கே மழை வெகுவாகக் குறைந்தது. மழை குறைந்தால் ஆற்றில் நீர் குறைய வேண்டும். ஆனால் புர்கினா ஃபாஸோ, நைஜர் நாடுகளின் வழியே நைஜர் ஆற்றில் சேரும் சில துணையாறுகளில் வழிந்தோடும் நீர் அதிகரித்தது. நீரியலாளர்கள் இதைச் ‘சஹேல் முரண்’ என்று அழைக்கிறார்கள். வறட்சியாலும் பயிர்நில விரிவாலும் விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டதாலும் தரை வெறுமையானது. வெறுந்தரையில் பொருக்குப் படர்ந்தது. பெய்த சிறிதளவு மழையில் முன்பைவிடப் பெரும்பங்கு நிலத்தில் இறங்காமல் ஓடியது. நைஜரின் தலைநகரான நியாமேயைச் சூழ்ந்த பகுதியில் இன்னொரு வியப்பும் பதிவானது: வறட்சி ஆண்டுகளிலேயே நிலத்தடி நீர்மட்டம் சில மீட்டர் உயர்ந்தது. வழிந்தோடிய நீர் பள்ளங்களில் தேங்கி, குட்டைகளின் அடியிலிருந்து ஆழத்துக்கு இறங்கியதே அதற்குக் காரணம். ஆற்றையும் கிணற்றையும் மட்டும் அளந்தவருக்கு நாடு செழிப்பதாகத் தோன்றியிருக்கும். அதே ஆண்டுகளில் மேட்டில் இருந்த வயலும் மேய்ச்சல் நிலமும் நீரின்றி மாய்ந்துகொண்டிருந்தன. நீர் நாட்டைவிட்டுப் போகவில்லை. வேர்கள் இருக்கும் இடத்தைவிட்டுப் போய்விட்டது.

‘தானாகச் சரியாகிவிடாதா?’ என்பதும் உங்கள் கேள்விக்குள் மறைந்திருக்கிறது. குளிர்நாடுகளில் மண்ணுக்குள் நீர் உறைந்து உருகுவது இறுகிய மண்ணைத் தளர்த்தும். ஈரநாடுகளில் மண்புழுக்களும் அடர்ந்த வேர்களும் களிமண் விரிந்து சுருங்குவதும் அந்த வேலையைச் செய்யும். பாலையில் இவை யாவும் அரிது, அல்லது மிக மெதுவானவை. 1942 முதல் 1944 வரை அமெரிக்காவின் மொஹாவே பாலையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் தளபதி பேட்டன் தொடங்கிவைத்த பாலைப் பயிற்சி மையத்தில் லட்சக்கணக்கான வீரர்கள் பயிற்சி பெற்றார்கள். அன்று ஓடிய டாங்கிகளின் தடங்கள் பல்லாண்டுகளுக்குப் பிறகும் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தன. அங்கே கைவிடப்பட்ட சுரங்க ஊர்களின் தெருக்களையும் முகாம்களின் தரைகளையும் அளந்த ஆய்வுகள், இறுகிய மண் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகும் என்று கணிக்கின்றன. 1990–91 வளைகுடாப் போரில் குவைத்தின் பாலைத்தரை இதைவிடவும் சிக்கலான காயத்தைப் பெற்றது. கனரக வாகனங்கள் மண்ணை இறுக்கின. கொளுத்தப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளிலிருந்து விழுந்த எண்ணெய்த் துளியும் கரியும் மணலோடும் பரலோடும் ஒட்டி, தார்ப்பாளம் போன்ற ஒரு மூடுபடலத்தைப் பெரும்பரப்பில் உண்டாக்கின. அடியில் இறுக்கம், மேலே மூடல் என்று இரண்டும் சேர்ந்து அமைந்த நிலம் அது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, பாலையில் காணும் பொருக்கெல்லாம் நோய் என்று முடிவு செய்துவிடக் கூடாது. இந்த இடத்தில் நல்லெண்ணத்தோடு வேலை செய்பவர்களே பெரும் தவறு செய்திருக்கிறார்கள் என்பதால் சற்று நிதானமாகவே சொல்கிறேன். சில பொருக்குகள் உயிருள்ளவை. நீலப்பச்சைப்பாசி, லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர்), பாசிச்செடி ஆகியவை மண்துகள்களைப் பின்னிப் பிடித்து உருவாக்கும் அந்த மேற்பரப்பு காற்றரிப்பைத் தடுக்கிறது; காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. கருத்து, சொரசொரப்பாக, சிறுசிறு மேடுகளோடு இருக்கும் அதைக் காலால் மிதித்தாலே நொறுங்கும். மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். வெளிறிய, வழவழப்பான, அடித்த மழையில் உண்டான பொருக்குடன் இதைக் குழப்பிக்கொண்டு உடைத்துவிட்டால், கிடைப்பது புழுதிப்புயல்தான். சீனாவின் டெங்கர் பாலையில், ஷாபோதோவ் என்ற இடத்தில், ரயில்பாதையைக் காக்க 1950களிலிருந்து வைக்கோலை ஒரு மீட்டர் சதுரக் கட்டங்களாகப் புதைத்து மணலை நிறுத்தினார்கள். நின்ற மணலின் மீது உயிர்ப்பொருக்கு படர்ந்தது மீட்சியின் அடையாளமாகவே கருதப்படுகிறது. அங்கும் ஒரு விலை உண்டு: பொருக்கு தடித்தபோது சிறுமழையின் நீர் மேல்மண்ணிலேயே தங்கிவிட்டதால், ஆழவேர்ப் புதர்கள் குறைந்து புல்வகைகள் கூடின.

உயிரற்ற பொருக்குக்கும் சில இடங்களில் வேலை இருக்கிறது. நைஜரின் பீடபூமிகளில் விமானத்திலிருந்து பார்த்தால் புலித்தோல்போல் பட்டை பட்டையாகத் தெரியும் காடுகள் உண்டு. பொருக்கு மூடிய வெறும்பட்டையில் விழும் மழை வழிந்து கீழுள்ள மரப்பட்டைக்குப் போய்ச் சேர்கிறது; அந்த ஓட்டத்தால்தான், தனக்கு நேராக விழும் மழையால் வாழமுடியாத மரங்கள் வாழ்கின்றன. வெறும்பட்டையை ‘மீட்கிறேன்’ என்று உழுதால் காடு பட்டுப்போகும். இன்றைய இஸ்ரேலின் நெகேவ் பாலையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நபத்தேயர்கள் என்ற பண்டை அரபு மக்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் இதே தத்துவத்தை வேளாண்மையாக்கினார்கள். சரிவிலிருந்த கற்களைப் பொறுக்கிக் குவித்தார்கள். கல் நீங்கிய மண்ணில் மழை அடித்துப் பொருக்குப் பிடித்தது. அதன்மேல் ஓடிய நீரை வாய்க்கால்கட்டிப் பள்ளத்தாக்கு வயலுக்குக் கொண்டுசென்றார்கள். ஒரு பங்கு வயலுக்கு இருபது முப்பது பங்கு சரிவு என்ற விகிதத்தில், ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மட்டுமே மழை பெறும் இடத்தில் பயிர் விளைந்தது. 1950களின் இறுதியில் தாவரவியலாளர் மைக்கேல் எவனாரியும் அவருடைய தோழர்களும் அவ்தாத் என்ற இடத்தில் அந்தப் பண்ணையை மீண்டும் அமைத்து, அது இன்றும் இயங்கும் என்று காட்டினார்கள். ஆகவே ஒரு பொருக்கைப் பார்த்தவுடன் எழ வேண்டிய கேள்வி, இங்கிருந்து ஓடும் நீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதே. வேர் இருக்கும் இடத்துக்குப் போனால் அது ஒரு ஏற்பாடு. எங்கோ பள்ளத்தை அரித்துக்கொண்டு போனால் அது சீரழிவு.

உலகக் கணக்குகளில் இது சிறியதாகத் தெரிவதற்கும் ஒரு காரணம் உண்டு. 1991-இல் வெளியான உலக மண் சீரழிவு மதிப்பீடு, நீரரிப்புக்கு ஏறத்தாழ 109 கோடி ஹெக்டேரையும் காற்றரிப்புக்கு 55 கோடி ஹெக்டேரையும் எழுதிவிட்டு, இறுக்கத்துக்கு 6.8 கோடி ஹெக்டேரை மட்டுமே ஒதுக்கியது. அதிலும் பாதி ஐரோப்பாவில். என் கருத்தில் இது கணக்கு எழுதும் முறையால் வரும் தோற்றம். அரித்த ஓடை கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஓடையைத் தொடங்கிவைத்த அரை மில்லிமீட்டர் படலம் தெரிவதில்லை. உலர்நிலத்து நீரரிப்பில் பெரும்பங்கு, முதலில் மூடிக்கொண்ட நிலத்தில்தான் நிகழ்கிறது.

உழவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உழுதால் பொருக்கு உடையும்; அடுத்த பெருமழையில் அது திரும்ப வரும், பலவேளை முன்பைவிடத் தடிப்பாக, ஏனெனில் உழவு பொடியாக்கிய மண் அடைப்பதற்கு இன்னும் எளிதான பொருள். கால்நடைகளை நெருக்கமாக ஓட்டினால் குளம்புகள் பொருக்கை உடைத்து மண்ணைத் திறந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அதற்கும் இதே பதில்தான். ஆழத்தில் இறுக்கம் இருந்தால் உளிக்கலப்பையால் கீறுவது பயன் தரும், ஆனால் காய்ந்த மண்ணில் கீற வேண்டும், கீறிய பிளவில் வேரோ மக்கிய பொருளோ உடனே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் பிளவு படிந்து மூடிவிடும்.

செலவு செய்வதற்கு முன் ஒரு காய்ந்த மண்கட்டியைத் தெளிந்த மழைநீரில் போட்டுப் பார்ப்பது நல்லது. கட்டி பொலபொலவென்று சிதைந்து, நீர் தெளிவாகவே இருந்தால், மண்ணில் கரிமப்பொருள் போதவில்லை. தொழு உரமும், சருகோ வைக்கோலோ பரப்பி மண்ணை மூடும் மூடாக்கும் அதற்கு மருந்து. கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் எழுந்தால் சோடியம் வேலை செய்கிறது என்று பொருள். அங்கே மேற்பரப்பில் தூவிய ஜிப்சம் என்ற கால்சியக் கனிமம், மழைநீரில் சிறிது சிறிதாகக் கரைந்து, களி பிரிவதைத் தடுக்கும். முதல் வகை மண்ணில் ஜிப்சம் போடுவது வீண்செலவு.

நிலைத்த மீட்புக்கு எனக்குத் தெரிந்த மிகச்சிறந்த எடுத்துக்காட்டு புர்கினா ஃபாஸோவின் வடபகுதியான யாதெங்கா. அங்கே பொருக்குப் பிடித்து மாண்ட வெளிறிய நிலத்துக்கு ‘ஸிப்பெல்லே’ என்று பெயர். உழவர்கள் கோடையிலேயே அதில் இருபது முப்பது சென்டிமீட்டர் அகலக் குழிகளைக் மண்வெட்டியால் வெட்டி, சாணமும் சருகும் இட்டு, மழை வந்ததும் விதைப்பார்கள். ‘ஸாய்’ என்ற இந்தப் பழைய முறையை 1980களில் செம்மைப்படுத்திப் பரப்பியவர்களில் யாகூபா சவாடோகோ என்ற உழவர் முதன்மையானவர். 2018-இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ என்ற சர்வதேச விருது அவருக்குக் கிடைத்தது. குழிகளுக்கு இடையிலுள்ள பொருக்கை அவர்கள் உடைப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன்மேல் ஓடும் நீர்தான் குழியை நிரப்புகிறது. சாணத்தையும் சருகையும் தேடிக் கரையான்கள் வருகின்றன. அவை அடியிலிருந்து பொருக்கைத் துளைத்து, நீர் இறங்கும் குழாய்களை அமைக்கின்றன. 1990களில் புர்கினா ஃபாஸோவில் நடந்த ஆய்வொன்றில், மூடாக்கு இட்ட சில பாத்திகளில் கரையானைப் பூச்சிமருந்தால் விலக்கிவைத்துப் பார்த்தார்கள். கரையான் இல்லாத பாத்திகளில் மண் திறக்கவில்லை, செடிகளும் அவ்வளவாகத் திரும்பவில்லை. சாணத்தில் இருந்த மரவிதைகள் குழிகளில் முளைத்தபோது சவாடோகோ அவற்றைக் களையாமல் விட்டார். அந்த வெறுந்தரையில் பின்னர் ஒரு காடே எழுந்தது.

இன்னும் இறுகாத நிலத்துக்குச் செய்ய வேண்டியது மிகவும் எளிது. ஒரே தடத்தில் பலமுறை ஓடும் வண்டியைவிட, ஒவ்வொரு முறையும் புதுத் தடம் போடும் வண்டியே அதிகக் கேடு செய்கிறது, ஏனெனில் மொத்த இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே நிகழ்ந்துவிடும். எனவே வழியைக் குறித்து, எல்லோரும் அதிலேயே போக வேண்டும். மழைக்குப் பிந்தைய சில நாட்கள் அதிலும் போகாதிருக்க வேண்டும். மந்தையை அந்த நாட்களில் பரல் மேட்டிலோ குன்று மணலிலோ நிறுத்திவைக்க வேண்டும்.